தேன்பெட்டியின் கயிறு

என்னைச் சந்தேகப் பிராணி என்று என் வீட்டுக்காரர் மாது சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும். பால்காரர் ஊற்றினால் நுரை அடங்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் பாத்திரத்தை உள்ளே எடுப்பேன். கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போட்டுக் காட்டச் சொல்வேன். ரேஷன் கடையில் தராசுத் தட்டு சும்மா இருக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்ப்பேன். கலைமணி ஏமாந்தாள் என்று கடத்தூரில் ஒருத்தர் சொல்ல முடியாது.

எங்கள் வீடு சந்தைக்குப் பின்னால், ஊர் முடிந்து மரவள்ளிக் காடு தொடங்கும் இடத்தில் இருக்கிறது. ஒட்டின வீடு ஷகிலாவுடையது. அவள் வீட்டுக்காரர் சலாவுதீன் சந்தை சந்தையாகப் போய் ரெடிமேட் துணி விற்பவர். மகன் ஆசிம் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டான். இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவே ஆள் உயரச் சுவர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அதைக் கட்டியபோது ஓர் ஆள் புகுந்து வருகிற அளவுக்கு இடைவெளி விட்டுத்தான் கட்டினோம். எங்கள் போர் தண்ணீரை அவள் அந்த வழியாகப் பிடித்துக்கொண்டு போவாள். என் வீட்டில் உப்போ புளியோ தீர்ந்தால் நான் அவள் அடுப்படிவரை போய்க் கேட்காமலே எடுத்து வருவேன். எனக்கு அக்கா தங்கை கிடையாது. அந்த இடத்தில் ஷகிலாதான் இருந்தாள். இவ்வளவு சந்தேகம் பிடித்த நான் சந்தேகப்படாமல் இருந்த ஒரே ஆள் அவள்தான்.

போன வருஷம் எங்கள் மகளிர் குழுவில் இரண்டு நாள் தேனீ வளர்ப்புப் பயிற்சி நடந்தது. தீர்த்தமலைப் பக்கத்திலிருந்து மாயவன் என்பவர் வந்து சொல்லிக் கொடுத்தார். ஷகிலா நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டாள். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி விற்கிறவர் பெட்டியைப் பற்றி நல்லதாகத்தானே சொல்வார்? மழை மாதத்தில் பூ இருக்காது, அப்போது பூச்சிக்குச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து வைக்க வேண்டும் என்றார். எனக்குச் சுருக்கென்றது.

"அப்ப கடையில விக்கற தேனுக்கும் எங்க தேனுக்கும் என்னாங்க வித்தியாசம்?" என்று எழுந்து கேட்டேன்.

"அது நாம தேன் எடுக்கறதுக்கு இல்லீங்கம்மா. பூச்சி உசுரோட இருக்கறதுக்கு" என்றார்.

நான் நம்பவில்லை.

ஷகிலா வீட்டுக் கொல்லையில் துணி மூட்டை வைக்கவே இடமில்லை. அதனால் பெட்டி என் பேரில் வந்தது. எங்கள் கொல்லையில், சுவர் இடைவெளிக்குப் பக்கத்து முருங்கை மரத்தடியில் வைத்தோம். எறும்பு ஏறாமல் இருக்க நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினோம். காற்றுக்கு மூடி பறந்துவிடாதபடி ஒரு தேங்காய் நார்க் கயிற்றைக் குறுக்கே போட்டுக் கட்டினேன். மாடு கட்டும் முடிச்சு. எனக்குப் போடத் தெரிந்த முடிச்சு அது ஒன்றுதான்.

வைகாசியில் முதல் தேன் எடுத்தோம். வேம்பும் புளியும் பூத்து ஓய்ந்திருந்த சமயம். பூச்சிகள் பாதி வெளியே போயிருக்கும் காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். ஷகிலா முக்காட்டை மூக்குவரை இழுத்துக் கட்டிக்கொண்டு, தேங்காய் மஞ்சி போட்ட புகை டப்பாவை அழுத்தி அழுத்திப் புகை விட்டாள். நான் மூடியைத் திறந்தேன். பெட்டியில் இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கில் ராணியும் முட்டையும் புழுவும் இருக்கும். மேல் அடுக்கு தேனுக்கு மட்டும். மேல் அடுக்கின் மரச்சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, ஒட்டிக்கொண்டிருந்த பூச்சிகளைக் கோழி இறகால் தள்ளிவிட்டேன். ஒரு சட்டம் ஒரு கைக்குக் கனத்தது. வெந்நீரில் முக்கிய கத்தியால் மெழுகு மூடியைச் சீவி, மாயவனிடம் இரவல் வாங்கிய டிரம்மில் வைத்துச் சுற்றினோம். கைப்பிடியைச் சுற்றச் சுற்றத் தேன் டிரம்மின் உள்சுவரில் தெறித்து வழிந்தது. ஷகிலா விரலில் தொட்டு என் வாயில் வைத்தாள். வேப்பம்பூவின் கசப்பு நாக்கின் ஓரத்தில் லேசாகத் தட்டியது.

"கடையில இந்தக் கசப்பு கெடைக்குமாக்கா?" என்று சிரித்தாள்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நான் கீழ் அடுக்கையும் திறந்தேன். அந்தச் சட்டங்களில் புழு இருக்கும் இடத்துக்கு மேலே, ஒரு கை அகலத்துக்குப் பட்டையாகத் தேன் மூடியிருந்தது. கத்தியை எடுத்தேன். ஷகிலா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம்க்கா. அது அதுங்களுக்கு வெச்சிருக்கற சோறு. கீழ கை வெக்கவே கூடாதுன்னு மாயவன் அண்ணன் சொன்னாரு."

"மழைக்கு முன்ன அதுங்களே திரும்ப ரொப்பிக்கும்."

"ரொப்பலைன்னா?"

"நீ என்னா அந்தாளு வெச்ச வக்கீலா?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள். நான் எல்லாச் சட்டத்திலும் அந்தப் பட்டையை அறுத்து எடுத்தேன். கூட வேலை செய்ததற்கு ஷகிலாவுக்கு மூன்று பாட்டில் கொடுத்தேன். மற்றதை விற்றேன். வாங்க வந்தவர்களில் தேவிப்பிரியா டீச்சர் மட்டும் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "சர்க்கரைப் பாகு எதுவும் இல்லையே?" என்று கேட்டார். என்னைப் போலவே ஓர் ஆள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஷகிலா பக்கத்தில் நிற்க, டீச்சர் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

"எங்க பூச்சி சர்க்கரையைக் கண்ணால கூட பாத்ததில்லீங்க. இனியும் பாக்காது. அப்படி ஒரு நாள் வெச்சா என் குடும்பம் வெளங்காம போவட்டும்."

ஆவணியில் மழை பிடித்தது. ஒரு நாள் தண்ணீர் பிடிக்க வந்த ஷகிலா குடத்தை வைத்துவிட்டுப் பெட்டிப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பூச்சி வாசல்ல மெதுவா ஊருதுக்கா. பெட்டியைத் தூக்கிப் பாத்தா கனமே இல்லை. பசியா இருக்கும் போலருக்கு."

"நீ எதுக்குப் பெட்டியைத் தூக்கிப் பாத்தே?"

"சும்மாதான்க்கா."

அந்தச் 'சும்மா' எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. யாராவது சும்மா பெட்டியைத் தூக்கிப் பார்ப்பார்களா? "பூச்சிக்கு வேணுங்கறது பூச்சிக்குத் தெரியும். நீ அதுல கை வெக்காத" என்றேன். சரியென்று தலையை ஆட்டிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நான்கு நாள் கழித்துப் பெட்டியருகே களை பிடுங்கும்போதுதான் கயிற்றைக் கவனித்தேன். அது என் முடிச்சு இல்லை. இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழ்கிற சுருக்கு முடிச்சு. அந்த முடிச்சை நான் பதினோரு வருஷமாகப் பார்த்திருக்கிறேன். சந்தைக்குக் கிளம்பும்போது சலாவுதீனும் ஷகிலாவும் துணி மூட்டைக்குப் போடுகிற முடிச்சு.

மூடியைத் திறந்து பார்த்தேன். மேல் அடுக்கில் ஒரு சட்டத்திலும் சொட்டுத் தேன் இல்லை. பூப் பூக்கும் காலத்தில் பதினைந்து நாளில் நிரம்பிவிடும் என்று மாயவன் சொன்னது நினைவிருந்தது. வைகாசியிலிருந்து கணக்குப் போட்டால் எத்தனை தடவை நிரம்பியிருக்க வேண்டும்! அடையில் கத்தி பட்ட அடையாளம் எதுவும் இல்லை. அதிலும் எனக்குச் சந்தேகம்தான் வந்தது. அடையாளம் தெரியாமல் எடுக்கும் அளவுக்குக் கைதேர்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

மாதுவிடம் சொன்னேன்.

"உனக்கு வேற வேலையில்லையா? அந்தப் பொண்ணு உன் தேனை எடுத்து என்னா பண்ணப் போவுது?" என்றார்.

"அப்ப முடிச்சு தானா மாறிச்சா?"

"நானே அவுத்துக் கட்டியிருப்பேன்."

"கட்டினீங்களா?"

"ஞாபகமில்லை."

"நீங்க எதுக்கு அவளுக்குப் பரிஞ்சுக்கினு வர்றீங்க?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் மேலேயும் அரை நாள் சந்தேகப்பட்டேன். பிறகு, இந்த மனுஷனுக்குத் தேனீ என்றால் பத்தடி தள்ளி நிற்கிற பயம் உண்டு என்பது ஞாபகம் வந்து விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் மூடி மேல் கோலமாவை மெல்லிசாகத் தூவி வைத்தேன். காலையில் போய்ப் பார்த்தால் மாவில் நான்கு விரல் தெளிவாகப் பதிந்திருந்தது. ஓரத்தில் பிசுபிசுப்பு. நாக்கில் வைத்தேன். தேன்தான். பெட்டியின் காலடியில் எறும்புகள் கூடி நின்றன. போதாததற்கு அன்றைக்கே அவள் வீட்டுச் சுவர் மேல் இரண்டு தேன் பாட்டில்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன.

"அதுக்குள்ள தேன் தீந்துடுச்சா?" என்று சுவர் இடைவெளியில் நின்று கேட்டேன்.

"ரெண்டு ஆயிடுச்சுக்கா. இன்னொண்ணுல கொஞ்சம் இருக்கு."

"வூட்ல நீங்க ரெண்டே பேரு. பாயசமா காய்ச்சுனீங்க?"

அவள் துணியை உதற ஆரம்பித்தாள். முகம் என் பக்கம் திரும்பவே இல்லை. பொய் சொல்கிறவர்கள் முகத்தைக் காட்ட மாட்டார்கள் என்பது என் அனுபவம். இவள் தேனை எங்கோ விற்கிறாள், சந்தைக்குப் போகும் துணி மூட்டையோடு பாட்டிலும் போகிறது, தீரத் தீர என் பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்கிறாள் என்று முழுக் கதையும் எனக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை. தேன் போனது பெரிதில்லை. பால்காரர் எடுத்திருந்தால் கத்திவிட்டு மறந்திருப்பேன். இவள் எடுத்தாள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஷகிலாவிடம் நல்லம்பள்ளி அண்ணன் வீட்டுக்குப் போகிறேன், வர ராத்திரியாகும் என்று சொன்னேன். முன்கதவைப் பூட்டிவிட்டு, காட்டு வழியாகச் சுற்றி வந்து, கொல்லையில் விறகுக்குப் போட்டிருந்த தகரக் கொட்டாயில் உட்கார்ந்துகொண்டேன். கொசு பிடுங்கியது. பொழுது சாயும் நேரத்துக்கு அவள் இடைவெளி வழியாக வந்தாள். முந்தானைக்குள் எதையோ மூடிப் பிடித்திருந்தாள். சுற்றும் முற்றும் ஒருமுறை பார்த்தாள். ஒரே இழுப்பில் கயிற்றை அவிழ்த்து மூடியைத் தூக்கினாள். மேலே குனிந்தாள்.

"என்னாடி பண்ற?"

துள்ளித் திரும்பினாள். கையில் எவர்சில்வர் கிண்ணம். அதில் பாதிக்குத் தேன், கொஞ்சம் தண்ணீராக. மழைத்தேன் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"நீ ஊருக்குப் போவலையாக்கா?"

"போயிருந்தா ரொம்ப வசதியா இருந்திருக்கும், இல்ல? கையும் களவுமா ஆப்டுக்கினே. எத்தினி நாளா எடுக்கற?"

"நான் எடுக்கலைக்கா. வெக்க வந்தேன்."

"என்னா வெக்க வந்தே?"

"தேன். பூச்சிக்கு."

நான் சிரித்தேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரித்தேன்.

"தேன்பூச்சிக்கு நீ தேன் ஊட்ட வந்தியா? என்னைப் பாத்தா அவ்ளோ கேனச்சியாட்டமா தெரியுது?"

"சத்தியமாக்கா. பெட்டிக்குள்ள பாரு, உள்ளதான்..."

அவள் கையை நீட்டினாள். மறுபடியும் கைவைக்கப் பார்க்கிறாள் என்று நான் மூடியை அறைந்து சாத்தினேன். கிண்ணம் தட்டுப்பட்டுக் கீழே விழுந்து, தேன் சேற்றில் கொட்டியது. சத்தம் கேட்டுச் சலாவுதீன் ஓடி வந்தார். அவரை அண்ணா என்றுதான் எப்போதும் கூப்பிடுவேன். அன்றைக்கு என் வாயில் வேறு வந்தது.

"உங்க சம்சாரத்தைக் கேளுங்க பாய். தண்ணி குடுத்தேன், வூட்டுக்குள்ள விட்டேன். திருடி எடுத்துக்கினு, பூச்சிக்கு ஊட்டறேங்கறா."

ஷகிலா குனிந்து கிண்ணத்தை எடுத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சலாவுதீன் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சொன்னார்.

"வா உள்ள. நம்பறவங்ககிட்ட சொல்லலாம். இவங்ககிட்ட சொல்லி என்னா ஆவப் போவுது?"

அவர்கள் போனதும் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் கம்பி போட்டு முறுக்கிக் கட்டினேன். மறுநாள் மாதுவிடம் இடைவெளியை அடைக்கச் சொன்னேன். "எனக்கு அந்தப் பாவம் வேணாம்" என்றார். கொத்தனாரை நானே கூட்டி வந்தேன். மத்தியானத்துக்குள் ஹாலோபிளாக் வைத்து அடைத்துப் பூசியாகிவிட்டது. அன்றிலிருந்து ஷகிலா தெருக்குழாயில் குடத்தோடு வரிசையில் நின்றாள். மொட்டை மாடியிலிருந்து பார்த்தேன். நல்லா நிற்கட்டும் என்று நினைத்தேன். நினைத்ததை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அடுத்து வந்த நாட்களெல்லாம் விடாத தூறல். பதிமூன்றாம் நாள் காலையில் வெயில் அடித்தது. பெட்டியைச் சுற்றிப் பூச்சிகள் இரைச்சலோடு சுழன்றன. இனி எடுக்க ஆளில்லை, தேன் நிரம்பிவிட்டது, அந்தச் சந்தோஷத்தில் பறக்கின்றன என்று மாதுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் அந்த இரைச்சல் முருங்கைக்கு மேலே ஏறியது. மரவள்ளிக் காட்டைத் தாண்டிப் போய்விட்டது. பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே சத்தமே இல்லை.

அப்போதுகூட எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஷகிலா மருந்து வைத்துவிட்டாள் என்றுதான். பழிவாங்கிவிட்டாள் என்று மாதுவிடம் கத்தினேன். போலீசில் எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னேன். அதற்கு ஆதாரம் வேண்டுமே என்று மாயவனுக்குப் போன் போட்டு, வந்து பார்த்து என்ன மருந்து என்று சொல்லுங்கள் என்றேன். மறுநாள் வண்டியில் வந்து இறங்கினார்.

"செத்த பூச்சி எங்கம்மா?" என்றார் முதல் கேள்வியாக.

"ஒண்ணும் சாவலை. பறந்துடுச்சுங்க."

"மருந்துன்னா வாசல்ல குவியலா செத்துக் கெடக்கும். இது பட்டினி. சோறு இல்லாத வூட்ல பூச்சி தங்காது. கெளம்பிடும்."

கம்பியை வெட்டித் திறந்தார். கீழ் அடுக்கின் சட்டங்களைத் தூக்கி வெயிலில் பிடித்தார். காய்ந்த அடை. அப்பளம் மாதிரி இருந்தது.

"மேலாலே இருந்த தேனை அறுத்திருக்குதே. யாரு கத்தி வெச்சது?"

"நான்தாங்க. வைகாசியில."

"வைகாசியில வழிச்சு எடுத்துட்டா, பூச்சி மழை பிடிச்ச ஒடனேயே போயிருக்கணும். இத்தினி நாளு எப்படி..."

சொல்லிக்கொண்டே மேல் அடுக்குக்குள் கையை விட்டு, அன்றைக்குத் தேனை மட்டும் தேடிய என் கண்ணில் படாமல் மூலையில் கிடந்த ஒரு கொட்டாங்கச்சியை எடுத்தார். அதற்குள் சுத்தமாக நறுக்கிய வைக்கோல் துண்டுகள் கிடந்தன. அடியில் பிசுக்கு. அதை மூக்கில் வைத்துப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"ஓ. ஷகிலாம்மா வெச்சதா? பூச்சி முங்கிடாம நின்னு குடிக்கறதுக்கு வைக்கோலு. நான்தான் போன்ல சொன்னேன்."

"உங்களுக்கு அவ போன் பண்ணாளா?"

"ஆவணி மொத வாரமே பண்ணாங்க. பெட்டி கனமில்லைன்னாங்க. சர்க்கரை கரைச்சு வைங்கன்னேன். அக்கா சர்க்கரை வெக்க மாட்டேன்னு குடும்பத்து மேல சத்தியம் பண்ணியிருக்காங்க, நான் வெச்சு அது அவங்க குடும்பத்துக்கு ஏதாவது ஆயிடப் போவுது, வேற வழி சொல்லுங்கன்னாங்க. அப்பிடின்னா இதே பெட்டித் தேன் இருந்தா தண்ணி கலந்து வைங்க, பொழுது சாய வைங்கன்னு சொன்னேன். எங்கிட்ட மூணு பாட்டில் இருக்குதுங்கண்ணா, போதுமான்னு கேட்டாங்க."

அந்தக் கொட்டாங்கச்சியை அவர் கையிலிருந்து வாங்கிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. வெட்கம் என்பது சின்ன வார்த்தை. நான் கொடுத்த மூன்று பாட்டிலையும் அவள் ஒரு சொட்டு நாக்கில் வைக்காமல் என் பூச்சிக்கே திருப்பி ஊட்டியிருக்கிறாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று ஒரு நிமிஷம் அவள் மேலேயே கோபம் வரப் பார்த்தது. பசியாக இருக்கும் போலிருக்கிறது என்று முதல் நாளே சொன்னாள். வைக்க வந்தேன் என்று நேருக்கு நேர் சொன்னாள். உள்ளே பார் என்று கெஞ்சினாள். நான்தான் சிரித்தேன்.

மாயவன் டீயைக்கூடக் குடிக்காமல் போனார். நான் ஷகிலா வீட்டுக்குக் கிளம்பினேன். பழக்கத்தில் கொல்லைப்பக்கம் நடந்து, பூசிய சுவர் வரை போய்விட்டுத் திரும்பினேன். தெரு வழியாகப் போக வேண்டும் என்றால் முடுக்கைச் சுற்றி, டிரான்ஸ்பார்மரையும் பெட்டிக்கடையையும் தாண்ட வேண்டும். அவள் வீட்டு முன்கதவு பச்சைப் பெயின்ட் என்பதே அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. தட்டினேன். அந்த வீட்டுக் கதவை நான் தட்டியது அதுதான் முதல் தடவை.

ஷகிலா தையல் மிஷினில் பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றாள்.

"வாங்க. உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். தெருக்குழாய்த் தண்ணீர்.

"தப்புப் பண்ணிட்டேன் ஷகிலா. மாயவன் எல்லாம் சொன்னாரு. நான் உன்னைப் பேசின பேச்சுக்கு..." அதற்கு மேல் எனக்கு வரவில்லை. அழுதேன்.

அவள் நான் அழுது முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"பூச்சி போயிடுச்சாமே?" என்றாள்.

"போயிடுச்சு."

"எந்தப் பக்கம் போச்சு?"

"காட்டுப் பக்கம். ஏரி மேல."

"ஏரிக்கரையில பனை, புங்கன் எல்லாம் இருக்கு. பொழச்சுக்கும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கண்ணீர் பூச்சிக்கு. எனக்கு இல்லை என்பது தெரிந்தது.

சலாவுதீன் டீ கொண்டு வந்து வைத்தார். அவர் முகத்திலும் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. திட்டியிருந்தால் பதிலுக்கு அழுது சரிசெய்திருப்பேன்.

"நாளைக்கே கொத்தனாரைக் கூட்டியாந்து சுவரை இடிக்கச் சொல்றேன் ஷகிலா. நீ எதுக்குத் தெருவுல போய்க் குடத்தை வெச்சுக்கினு நிக்கணும்?"

"வேணாம்க்கா" என்றாள் உடனே. ஏற்கெனவே இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

"கோவமா இருக்கியா?"

"மொதல்ல இருந்துச்சு. இப்ப இல்லைக்கா. நெசமாவே இல்லை. ஆனா சுவரு அப்படியே இருக்கட்டும். இவரும் அதான் சொல்றாரு. நாளைக்கு உங்க வூட்ல எதுனா காணாம போனா, எங்க பேரு வராது பாருங்க. எங்களுக்கு அது போதும்."

டீ ஆறிப்போயிருந்தது. குடித்தேன். வாசல்வரை வந்து வழியனுப்பினாள். பார்த்துப் போங்க, முடுக்கில் சாக்கடை மூடி உடைந்திருக்கிறது என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு பொங்கல் ஆகப்போகிறது. வழியில் பார்த்தால் பேசுவாள். ஆசிமுக்குப் பெண் பார்த்தபோது வீட்டுக்கு வந்து அழைத்தாள், தெரு வழியாக. பெட்டியை மாயவனே எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாதுவும் என்னைச் சந்தேகப் பிராணி என்று சொல்வதை நிறுத்திவிட்டார். அவர் நிறுத்தியது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

நேற்று காலையில் முருங்கைக்காய் பறிக்கத் தொரட்டியைத் தேடினேன். வைத்த இடத்தில் இல்லை. யார் எடுத்தது என்று வாய்வரை வந்துவிட்டது. சுவரைப் பார்த்தேன். இந்தப் பக்கம் நானும் மாதுவும் தவிர ஆளில்லை. அவர் கடலை பிடுங்கப் போய் இரண்டு நாளாகிறது. கொட்டாயிலும் மாடிப்படியிலும் மத்தியானம்வரை ஒருத்தியாகத் தேடினேன். தொரட்டி அகப்படவில்லை. எங்கேயோ வைத்து மறந்தது நான்தான், வேறு யாரும் எடுத்திருக்க வழியில்லை.